அமெரிக்கக் கைவினைகளை வரைந்து வைத்த அடைவும் ரூத் ரீவ்ஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'அமெரிக்க வடிவமைப்பு அடைவு' என்பது என்ன?

'இண்டெக்ஸ் ஆஃப் அமெரிக்கன் டிசைன்' என்ற பெயரில் 1935 முதல் 1942 வரை அமெரிக்க அரசின் செலவில் நடந்த ஓர் ஆவணப் பணி இது. குடியேற்றக் காலம் தொடங்கி 1900 வரை அமெரிக்கர்கள் தங்கள் வீட்டுக்கும் தொழிலுக்கும் வழிபாட்டுக்கும் கையால் செய்துகொண்ட பொருள்களைத் தேடிப்பிடித்து, ஒவ்வொன்றையும் நீர்வண்ணத்தில் அச்சு அசலாக வரைந்து சேர்ப்பதே அதன் வேலை. முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் நூற்றுக்கணக்கான ஓவியர்கள் இதில் பங்கேற்றனர். 18,000-க்கும் அதிகமான ஓவியத் தாள்கள் உருவாயின. சொல்லடைவு என்று சொல்கிறோமே, அந்தப் பொருளில் 'இண்டெக்ஸ்' என்பதை இங்கே அடைவு என்று குறிக்கிறேன். சொல்லடைவில் சொற்கள் வரிசைப்படுவதுபோல் இதில் பொம்மையும் ஜாடியும் போர்வையும் பெட்டியும் வரிசைப்படுகின்றன.

இந்த எண்ணம் யாருக்கு முதலில் தோன்றியது?

அது ஒரு நூலகத்தின் படப் பிரிவில் பிறந்தது. நியூயார்க் பொது நூலகத்தில் படத் தொகுப்புப் பிரிவு என்று ஒன்று உண்டு. பத்திரிகைகளிலிருந்தும் பழைய நூல்களிலிருந்தும் வெட்டி எடுத்த படங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து, புத்தகம்போலவே இரவல் கொடுப்பார்கள். துணி வடிவமைப்பாளர், விளம்பர ஓவியர், நாடக அரங்கம் அமைப்பவர் எனப் பலரும் அங்கு நாள்தோறும் வந்து போவார்கள். அதன் தலைவராக இருந்த ரொமானா ஜாவிட்ஸ் ஒரு குறையைத் தொடர்ந்து கவனித்துவந்தார். பிரெஞ்சு நாற்காலியோ ஜெர்மானிய நாட்டுப்புற ஆடையோ வேண்டும் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பதற்கு அழகாக அச்சிடப்பட்ட வண்ணத் தொகுதிகள் இருந்தன. அமெரிக்கப் பண்ணை வீட்டுப் பெட்டி ஒன்றின் படத்தைக் கேட்டால் கொடுப்பதற்கு நம்பத்தக்க ஒன்றும் இல்லை.

அங்கே அடிக்கடி வந்த வடிவமைப்பாளர்களுள் ஒருவர் ரூத் ரீவ்ஸ். 1935-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் இருவரும் கலந்து பேசியதன் விளைவாக, வேலையிழந்த ஓவியர்களைக் கொண்டே இந்தக் குறையை நிரப்பலாம் என்ற திட்டம் உருவாயிற்று. முதலில் நியூயார்க் நகர நிவாரணப் பணியோடு இணைந்த அது, அந்த ஆண்டு முடிவதற்குள் நாடு தழுவிய பணியாக விரிந்தது. ஓர் அரசுத் திட்டத்தின் மூலத்தைத் தேடிப் போனால் பெரும்பாலும் ஏதேனும் ஒரு குழுவின் அறிக்கையில்தான் போய் நிற்போம். இங்கே ஒரு நூலகரின் அன்றாட எரிச்சலில் போய் நிற்கிறோம்.

ரூத் ரீவ்ஸ் யார்?

1892-இல் கலிபோர்னியாவின் ரெட்லண்ட்ஸில் பிறந்த ஓவியர். துணி வடிவமைப்பால் பெயர் பெற்றவர். நியூயார்க்கிலும் சான்பிரான்சிஸ்கோவிலும் கலை பயின்றபின் 1920-களில் பல ஆண்டுகளைப் பாரிஸில் கழித்து, பிரெஞ்சு ஓவியர் பெர்னாண்ட் லெஜேயிடம் பாடம் கேட்டார். ஊர் திரும்பியபின் அவர் வரைந்த 'மன்ஹாட்டன்' என்ற அச்சுத் துணியில் வானளாவிய கட்டடங்களும் பாலமும் கப்பல்களும் விமானங்களும் நெருக்கியடித்து நிற்கும். 1932-இல் திறக்கப்பட்ட ரேடியோ சிட்டி மியூசிக் ஹால் என்ற நியூயார்க் கலையரங்கின் உள்ளலங்காரத்திலும் அவருடைய கம்பள வடிவமும் சுவர்த்துணி வடிவமும் இடம்பெற்றன. 1934-இல் குவாத்தமாலாவுக்குச் சென்று அங்குள்ள நெசவுகளைப் பார்த்து, அந்தத் தூண்டுதலில் புதிய துணிகளை வடிவமைத்தார்.

அடைவின் முதல் தேசிய ஒருங்கிணைப்பாளர் அவரே. ஆனால் அந்தப் பொறுப்பில் அவர் நெடுநாள் இருக்கவில்லை. 1936-இலேயே அடால்ஃப் கிளாஸ்கோல்டு அதை ஏற்றார். அடைவைப் பற்றிப் பேசுவோர் நெடுநாள் இருந்த நிர்வாகிகளையே முன்னிறுத்துவது வழக்கம். எதை வரைய வேண்டும், யாருக்காக வரைய வேண்டும் என்ற முதல் வரையறையில் ரீவ்ஸின் கை இருந்ததால், அவருக்கு உரிய இடம் இன்னும் பெரியது என்பது என் கருத்து.

ஓவியம் வரைய அரசு ஏன் ஊதியம் கொடுத்தது?

1929-இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தத்தில் ஓவியர்களும் மற்றத் தொழிலாளர்களைப் போலவே தெருவுக்கு வந்தனர். அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் நிர்வாகம் 1935-இல் அமைத்த வேலைத்திட்ட அமைப்பு சாலையும் பள்ளியும் கட்டியதோடு, கலைஞர்களுக்கென்று கூட்டாட்சிக் கலைத் திட்டம் ஒன்றையும் தொடங்கிற்று. அதன்கீழ் சுவரோவியம், சிற்பம், அச்சோவியம், கலை வகுப்பு ஆகியவற்றோடு அடைவும் ஒரு பிரிவாயிற்று. நியூயார்க் நகரில் ஓர் ஓவியருக்கு வாரத்துக்கு ஏறத்தாழ 24 டாலர் கிடைத்தது. நிவாரணப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும் என்பது பெரும்பாலோருக்கு நிபந்தனை.

சொந்தக் கற்பனையில் பெரிய சுவரோவியம் தீட்டும் திறன் எல்லா ஓவியருக்கும் வாய்ப்பதில்லை. விளம்பரப் படம் வரைந்து பிழைத்தவர்களும் நுணுக்கமான கைத்திறன் மட்டும் உடையவர்களும் பலர் இருந்தனர். அவர்களுக்கு மதிப்புக் குறையாத ஒரு வேலையை அடைவு தந்தது.

கலைத் திட்டத்தின் தேசிய இயக்குநர் ஹோல்கர் கேஹில், ஐஸ்லாந்தில் பிறந்து சிறுவனாக அமெரிக்கா வந்தவர். 1932-இல் நியூயார்க்கின் நவீனக் கலைக் காட்சியகத்தில் அமெரிக்க நாட்டுப்புறக் கலைக்கென்று ஒரு பெரிய காட்சியை அமைத்திருந்த அவருக்கு, இந்த எண்ணத்தை யாரும் விளக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. நகைச்சுவையும் நாட்டார் மரபும் பற்றி எழுதிவந்த கான்ஸ்டன்ஸ் ரூர்க் பதிப்பாசிரியராகச் சேர்ந்தார். அமெரிக்காவுக்கென்று தனிப் பண்பாடு இல்லை, இருப்பதெல்லாம் ஐரோப்பாவின் நகல் என்ற அன்றைய அறிவாளர் பேச்சுக்கு இந்தத் தாள்களே மறுப்பாகும் என்று அவர் நம்பினார்.

புகைப்படம் எடுத்திருந்தால் வேலை எளிதாக முடிந்திருக்குமே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். வண்ணப் புகைப்படம் அப்போதுதான் தலையெடுத்துக்கொண்டிருந்தது. கோடக்ரோம் படச்சுருள் 1935-இல் திரைப்படக் கேமராவுக்கும் அடுத்த ஆண்டில் சாதாரணக் கேமராவுக்கும் வந்தது. பெரிய அளவில் நம்பத்தக்க வண்ணப் படம் எடுப்பது செலவு மிகுந்த காரியம். கறுப்பு வெள்ளைப் படத்திலோ, சாயமேற்றிய கம்பளிக்கும் மங்கிய பருத்திக்கும் உள்ள வேறுபாடு சாம்பலாகிவிடும். இது ஒரு காரணம். நூறு ஓவியருக்கு வேலை தர வேண்டிய இடத்தில் இரண்டு புகைப்படக்காரரை அமர்த்திவிட்டுப் போக முடியாது என்பது இன்னொன்று.

இவற்றை விடவும் வலுவான காரணம் பார்வையைச் சார்ந்தது. கேமரா விளக்கின் பளபளப்பையும் பொருளின் நிறத்தையும் ஒன்றாகவே பதிவு செய்யும். ஓவியர் ஒரு தகரக் காப்பிக் கெண்டியின் முன் இரண்டு வாரம் உட்கார்ந்தால், எது மெருகு, எது கீறல், எது துரு, எது வெறும் சன்னல் வெளிச்சம் என்று பிரித்தறிந்து தனக்குத் தேவையானதை மட்டும் தாளில் வைப்பார். நெசவின் இழை எந்த இடத்தில் மேலேறுகிறது, எந்த இடத்தில் கீழிறங்குகிறது என்பதைத் தெரியாமல் அதை வரையவே இயலாது. ஆகவே இந்தத் தாள்களில் பதிவாகியிருப்பது பொருளின் தோற்றம் மட்டுமல்ல, அது எப்படிச் செய்யப்பட்டது என்பதைப் பற்றிய ஒருவரின் புரிதலும் ஆகும். புகைப்படங்களையும் அவர்கள் ஒதுக்கவில்லை. துணைச் சான்றாக அவையும் எடுக்கப்பட்டன.

எந்த முறையில் வரைந்தார்கள்?

தொடக்கத்தில் ஊருக்கு ஊர் ஒரு பாணி இருந்தது. சிலர் விளம்பரப் படம்போல மினுக்கினர். சிலர் பொருளுக்குப் பின்னால் மேசையும் திரையும் வரைந்தனர். இதைச் சீர்படுத்த உதவிய முறை எகிப்திலிருந்து வந்தது என்பது வியப்பாக இருக்கலாம். பாஸ்டன் நுண்கலைக் காட்சியகம் எகிப்தில் நடத்திய அகழாய்வுகளில், கல்லறைச் சுவர்ச் சிற்பங்களைத் தொட்டுப் பார்க்கத் தோன்றும் அளவுக்கு உருவத் திரட்சியோடு தீட்டும் ஒரு நீர்வண்ண மரபு வளர்ந்திருந்தது. அதில் தேர்ந்த சுசான் சாப்மன் மாசச்சூசெட்ஸ் ஓவியர்களுக்கு அந்த முறையைக் கற்பித்தார். பின்னர் அது கையேடுகள் வழியாகவும் மாதிரித் தாள்கள் வழியாகவும் மற்ற மாநிலங்களுக்குப் பரவியது.

முறை இவ்வாறு: பொருளை அளந்து பென்சிலால் மெல்லிய கோட்டுருவம் போடுவார்கள். அதன்மேல் ஒளி ஊடுருவும் வண்ணத்தை மிக நீர்க்கக் கரைத்து, ஒரு பூச்சு காய்ந்தபின் அடுத்த பூச்சு என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். வெள்ளை தேவைப்படும் இடத்தில் தாளையே விட்டுவிடுவார்கள். பின்னணி வெறுமையாக இருக்கும். நிழல் மிகக் குறைவாக விழும். கிழிந்த ஓரம், தேய்ந்த கைப்பிடி, உரிந்த வண்ணம் ஆகியவை உள்ளபடியே வர வேண்டும். ஓவியரின் கைவண்ணம் என்று தனியாக ஒன்று தெரியவே கூடாது. ஒரு தாளுக்குப் பல வாரங்கள் பிடிப்பது இயல்பு.

பொருளைப் பார்வைக்கு முன்னால் நிறுத்தி, ஓவியன் பின்னால் மறைந்துவிட வேண்டும் என்ற இந்த ஒழுக்கம் எளிதானதன்று. தன்னை மறைத்துக்கொண்ட ஓவியர்களின் தாள்களைக் கூர்ந்து பார்க்கும்போது, மறைந்தவர்களுக்குள்ளும் ஒருவரிலிருந்து ஒருவர் வேறுபடுவது தெரியத்தான் செய்கிறது.

எந்தெந்தப் பொருள்கள் அடைவில் இருக்கின்றன?

மாளிகை மேசை நாற்காலிகளைவிடச் சாதாரண மக்களின் பொருள்களுக்கே முதலிடம். ஒட்டுத்துணிப் போர்வை, நெய்த படுக்கை விரிப்பு, பொம்மை, ஆடை, கப்பலின் முகப்புச் சிற்பம், காற்றுத்திசை காட்டி, சுருட்டுக்கடை வாசலில் நிற்கும் மரச் சிலை, ராட்டினக் குதிரை, சர்க்கஸ் வண்டிச் செதுக்கல், குதிரைச் சேணம், கடைப் பலகை என்று பட்டியல் நீளும். சிலவற்றைச் சற்று விரித்துச் சொல்வது நல்லது.

வட கிழக்கு மாநிலங்களின் சுடுமண் ஜாடிகள் உப்பு மெருகு ஏற்றியவை. உலை உச்ச வெப்பத்தில் இருக்கும்போது உப்பை உள்ளே எறிவார்கள். அதன் ஆவி களிமண்ணில் உள்ள மணற்சத்தோடு கலந்து, ஆரஞ்சுத் தோல்போல் நுண்குழிகள் கொண்ட கண்ணாடிப் படலமாகப் படியும். கோபால்ட் நீலத்தில் ஒரு பறவையையோ பூவையோ இரண்டு மூன்று இழுப்புகளில் வரைந்திருப்பார் குயவர். அந்த ஒரு நொடி இழுப்பை அப்படியே நகலெடுக்க அடைவின் ஓவியர் பல நாள் பாடுபட்டிருப்பார்.

பென்சில்வேனியாவின் ஜெர்மானியக் குடியேறிகள் திருமணச் சீதனப் பெட்டிகளில் துலிப் பூவும் ஒற்றைக் கொம்புக் குதிரையும் தீட்டினர். செம்மண் தட்டுகளில் வெண்களிமண் குழம்பைப் பூசி, அதைக் கீறி உருவங்களும் எழுத்தும் பொறித்தனர். நியூமெக்சிகோவிலும் கொலராடோவின் தென்பகுதியிலும் ஸ்பானிய மரபினர் பருத்திமர வேரில் புனிதர் உருவங்களைச் செதுக்கி, ஜிப்சம் பூச்சின்மேல் வண்ணமிட்டனர். நெய்த விரிப்புகளில் நெசவாளர்கள் தங்கள் பெயரையும் ஆண்டையும், சில வேளைகளில் வாடிக்கையாளரின் பெயரையும் மூலையில் நெய்துவிடுவார்கள். செய்தவர் பெயர் தெரியாத பொருள்களுக்கு நடுவே இவை ஆய்வாளருக்கு ஒரு கொடை.

ஷேக்கர்கள் எனப்படும் சமயக் குழுவினரின் பொருள்கள் அடைவில் தனி அழகு பெறுகின்றன. 1774-இல் இங்கிலாந்திலிருந்து வந்த ஆன் லீயைப் பின்பற்றியவர்கள் இவர்கள். மணவாழ்வைத் துறந்து கூட்டாக வாழ்ந்தவர்கள். அவர்களுடைய நீள்வட்ட மரப்பெட்டியில் மெல்லிய பலகையை நீராவியில் வளைத்து, விரல்போல் வெட்டிய முனைகளைச் சிறு செப்பு ஆணிகளால் பிணைத்திருப்பார்கள். மரம் வறண்டு சுருங்கினாலும் மழைக்காலத்தில் உப்பினாலும் வெடிக்காமல் இருக்கவே அந்த விரல் வெட்டு. அலங்காரமே இல்லாத ஒரு பெட்டியை வரைவது, அலங்காரம் நிறைந்த ஒன்றை வரைவதைவிடக் கடினம் என்று இந்தத் தாள்களைப் பார்க்கும்போது எண்ணத் தோன்றுகிறது.

அடைவில் விடுபட்டவை உண்டா?

உண்டு, அது சிறிய விடுபாடும் அன்று. அமெரிக்கப் பூர்வகுடிகளின் கைவினைகள் திட்டத்தின் எல்லைக்கு வெளியே வைக்கப்பட்டன. இனவரைவியலாளரும் காட்சியகங்களும் ஏற்கெனவே அவற்றைப் பதிவு செய்துவருகின்றனர், வேலை இரட்டிக்க வேண்டாம் என்பது சொல்லப்பட்ட காரணம். நிர்வாகக் கணக்கில் அது நியாயமாகத் தோன்றலாம். ஆனால் 'அமெரிக்க வடிவமைப்பு' என்ற தலைப்பிட்ட ஒரு தொகுப்பில் அந்த மண்ணின் முதல் கைவினைஞர்களுக்கு இடமில்லை என்றால், ஐரோப்பியக் குடியேற்றத்தின் வரலாறுதான் நாட்டின் வரலாறு என்ற படம் மனத்தில் பதிந்துவிடும். கறுப்பின மக்களின் கைத்திறனும் மிகக் குறைவாகவே அடையாளம் காணப்பட்டது. அடிமை முறையின்கீழ் உழைத்த தச்சர், கொல்லர், தையற்காரர் பலரின் பெயரை அவர்களுடைய எசமானர்களின் குடும்ப ஆவணங்களே எழுதி வைக்கவில்லை.

இடப் பரப்பிலும் சமன் இல்லை. நியூயார்க், பென்சில்வேனியா, மாசச்சூசெட்ஸ் போன்ற இடங்களில் ஓவியரும் சேகரிப்பாளரும் மிகுதியாக இருந்ததால் அங்கிருந்து தாள்கள் குவிந்தன. தகுந்த ஓவியர் நிவாரணப் பட்டியலில் கிடைக்காத மாநிலங்கள் வெறுமையாகவே நின்றன.

வரைந்தவர்களின் பெயர்கள் தெரியுமா?

பெரும்பாலும் தெரியும், தாளிலேயே பெயர் உண்டு. மாசச்சூசெட்ஸில் கப்பல் செதுக்கல்களை வரைந்த எலிசபெத் மவுட்டால், புளோரிடாவில் விரிப்புகளை வரைந்த மேக்னஸ் ஃபாசம் ஆகியோரைச் சுட்டலாம். 1770-ஆம் ஆண்டு விரிப்பு ஒன்றைப் பார்த்து ஃபாசம் வரைந்துகொண்டிருப்பதை 1940 பிப்ரவரியில் கோரல் கேபிள்ஸில் எடுத்த புகைப்படம் அமெரிக்க ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. இவர்களோடு முரண்படுபவர் பெர்கின்ஸ் ஹார்ன்லி. தனிப் பொருளை வரையும் விதிக்குள் அடங்காமல், விக்டோரியக் காலத்து வரவேற்பறையையும் உணவறையையும் சாமான் நெரிசலோடு முழு அறையாகவே தீட்டினார். விதியை மீறினாலும் அவருடைய தாள்களை யாரும் தள்ளிவிடவில்லை என்பது மகிழ்ச்சிக்குரியது.

ஓவியத்தோடு வேறு தகவல் ஏதேனும் சேர்க்கப்பட்டதா?

ஒவ்வொரு தாளுக்கும் ஒரு தகவல் பத்திரம் இணைக்கப்பட்டது. பொருளின் அளவு, செய்பொருள், செய்த காலம், தெரிந்தால் செய்தவர் பெயர், அன்றைய உடைமையாளர் ஆகியவை அதில் இருக்கும். சில தேதிகள் பிற்கால ஆய்வில் திருத்தப்பட்டிருக்கின்றன. பொருள் பின்னர் கைமாறியோ அழிந்தோ போயிருந்தால், அது எங்கிருந்தது என்பதற்கு இந்தப் பத்திரம் முதன்மையான சான்றாக நிற்கும். ஓவியத்தின் அழகில் மயங்கிப் பத்திரத்தைப் படிக்காமல் விடுவோர் பாதியை இழக்கிறார்கள்.

பணி ஏன் நின்றது? தாள்கள் இப்போது எங்கே உள்ளன?

போர் வந்தது, நிவாரண வேலைக்குத் தேவை குறைந்தது, 1942-இல் பணி நின்றுபோயிற்று. தாள்கள் சிறிது காலம் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலைக் காட்சியகத்தில் இருந்தன. 1943 முதல் வாஷிங்டனில் உள்ள தேசியக் கலைக்கூடம் அவற்றைப் பாதுகாத்துவருகிறது.

திட்டமிட்டபடி அவை அச்சாயினவா?

இல்லை. பொருள்வாரியாக வண்ணத் தொகுதிகளை அச்சிட்டு நாடெங்கும் உள்ள வடிவமைப்பாளருக்கும் பள்ளிகளுக்கும் கொடுப்பதே தொடக்கக் கனவு. செலவு இடம் தரவில்லை. 1936-இல் நவீனக் கலைக் காட்சியகத்தில் நடந்த கண்காட்சியில் சில தாள்கள் இடம்பெற்றன. பல்பொருள் அங்காடிகளிலும் காட்சிக்கு வைத்தார்கள். பின்னர் 1950-இல் ஒரு நூலும் 1972-இல் இரு தொகுதிகளும் தேர்ந்தெடுத்த தாள்களோடு வெளிவந்தன.

நாம் பார்க்க இயலுமா? பயன்படுத்தலாமா?

நீர்வண்ணம் ஒளியில் மங்கும் என்பதால் மூலத் தாள்கள் சிறிது சிறிதாகவே காட்சிக்கு வருகின்றன. ஆனால் தேசியக் கலைக்கூடம் தன் இணையதளத்தில் இவற்றின் படங்களைக் கட்டணமின்றி வைத்திருக்கிறது. அரசுப் பணியில் உருவானவை என்பதால் பதிப்புரிமைத் தடையும் இல்லை, பதிவிறக்கிப் பயன்படுத்தலாம். ஜாவிட்ஸ் விரும்பிய இரவல் முறை, அவர் எண்ணிப் பார்த்திராத வழியில் நடைமுறைக்கு வந்துவிட்டது.

ரூத் ரீவ்ஸுக்கு இந்தியத் தொடர்பு உண்டு என்கிறார்களே?

உண்மை. 1956-இல், அறுபது வயதைக் கடந்த பிறகு, அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகை பெற்று அவர் இந்தியா வந்தார். படித்து முடித்துத் திரும்பிவிடவில்லை. இங்கேயே தங்கி, கைவினை ஆலோசகராக அரசு அமைப்புகளோடு பணியாற்றினார். விடுதலைக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில் கமலாதேவி சட்டோபாத்யாய் போன்றோரின் முயற்சியால் நாட்டின் கைவினைகளைக் கணக்கெடுக்கும் வேலை வேகம் பெற்றிருந்தது; நியூயார்க்கில் அத்தகைய ஒன்றைத் தொடங்கிவைத்தவருக்கு அது பழகிய களமாகவே இருந்திருக்க வேண்டும்.

இந்தியாவில் அவரை ஈர்த்தது மெழுகு உருக்கி வார்க்கும் உலோகத் தொழில். உருவத்தை முதலில் மெழுகில் செய்து, மேலே களிமண் பூசி, சூளையில் மெழுகு உருகி வழிந்தபின் அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் முறை அது. நம் சுவாமிமலை ஸ்தபதிகள் செப்புத் திருமேனிகளை வார்ப்பதும் இவ்வழியில்தான். அவர்கள் உள்ளே கூடின்றிக் கனமாக வார்ப்பார்கள், நடு இந்தியப் பழங்குடி வார்ப்பில் உள்ளே களிமண் கரு இருக்கும். இந்தியாவின் மெழுகு வார்ப்பைப் பற்றி ரீவ்ஸ் எழுதிய நூலை டில்லிக் கைவினைக் காட்சியகம் 1962-இல் வெளியிட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1966-இல், அவர் புதுடில்லியிலேயே காலமானார்.